துள்ளும் மெட்டு, கசக்கும் வரி: ஸ்பானிய பாப் பாடல்களைக் கேட்கத் தொடங்குபவருக்கு

ஸ்பானிய மொழிப் பாட்டு என்றதும் நம்மில் பலருக்கு 2017-ல் உலகைச் சுற்றிவந்த ‘டெஸ்பசீத்தோ’தான் நினைவுக்கு வரும். கடற்கரை, நடனம், காதல். அது ஒரு முகம். இன்னொரு முகமும் உண்டு: நகரம், வேலை, வாடகை, முன்னேற்றம் என்று ஆசை காட்டிய எல்லாவற்றின் மீதும் நம்பிக்கை தேய்ந்துபோனவர்களின் முகம். ஸ்பெயினின் பாப் பாடலாசிரியர்கள் ஐம்பது ஆண்டுகளாக இதைச் சலிக்காமல் எழுதிவருகிறார்கள். அதை அவர்கள் ஒப்பாரியாக வைப்பது அபூர்வம். கல்யாண வீட்டில் ஒலிக்கவிட்டாலும் யாரும் முகம் சுளிக்காத மெட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். மொழி தெரியாமல் கேட்பவர் ஏமாறுவது அங்கேதான்.

இந்த வழிகாட்டிக்கு ஸ்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமையும், வரிகளையும் மொழிபெயர்ப்பையும் பார்க்க ஒரு கைப்பேசியும் போதும். பெயர்களை ஸ்பானிய உச்சரிப்புக்கு நெருக்கமாக எழுதியிருக்கிறேன். குரல் தேடலில் பாடகர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

முதல் படி: மெட்டை நம்பாதீர்கள்

தொடங்குவதற்கு மெக்கானோ குழுவின் ‘ஹவாய்-பம்பாய்’ பாட்டைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. 1984-ல் வெளிவந்த ‘இதோ வெயில் வருகிறது’ என்ற பொருள்படும் தொகுப்பில் இருக்கிறது. முதல் தடவை வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். பாடகி ஆனா தொர்ரோஹாவின் மென்மையான குரல், சின்தசைசர், சுற்றுலா விளம்பரத்துக்கு அப்படியே எடுத்துப் போடக்கூடிய இசை.

இரண்டாம் தடவை வரிகளோடு கேளுங்கள். ஹவாயும் பம்பாயும் இரண்டு சொர்க்கங்கள்; அவற்றை அவ்வப்போது என் ஃபிளாட்டுக்குள்ளேயே அமைத்துக்கொள்கிறேன் என்கிறாள் பாடுபவள். நீச்சலுடையை மாட்டும்போது ‘ஹவாய்க்கு எப்போது போகப்போகிறேன்’ என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். உடம்பில் வெயில் எண்ணெய் தடவும்போது ‘பம்பாய்க்கு எப்போது போகப்போகிறேன்’ என்கிறாள். விடுமுறைக்குப் போக வழியில்லாத ஒருத்தி, வீட்டுக்குள்ளேயே விடுமுறை விளையாட்டு விளையாடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு.

பம்பாயின் லோக்கல் ரயிலில் நெரிசலில் நின்று பயணம் செய்தவருக்கு அந்த ஊரைச் சொர்க்கப் பட்டியலில் பார்த்ததும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை விட்டுவிடாதீர்கள். அவளுக்கு ஹவாயையும் தெரியாது, பம்பாயையும் தெரியாது. இரண்டுமே தூரத்தில் இருக்கும் இனிமையான ஓசைகள். ஸ்பெயினுக்கு வெளியே இருந்து கேட்பவருக்கு, அதிலும் இந்தியருக்கு, இந்த வேடிக்கை மாட்ரிட்காரரைவிடச் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

இனி வரும் எல்லாப் பாடல்களையும் இப்படியே கேளுங்கள்: ஒரு தடவை வரிகள் இல்லாமல், ஒரு தடவை வரிகளோடு. இரண்டுக்கும் இடையில் உங்கள் மனநிலை எவ்வளவு மாறுகிறது என்று கவனியுங்கள்.

இரண்டாம் படி: ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

சலிப்புக்கும் தேதி உண்டு. சில ஆண்டுகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 1975 நவம்பரில் சர்வாதிகாரி பிராங்கோ இறந்தார். 1978-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. 1982-ல் சோசலிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். 1986-ல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. இதற்கிடையில் உருக்காலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் மூடப்பட்டன. 1980-களின் நடுவில் வேலை தேடியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை. 2008-ல் வீட்டுமனை விலைக் குமிழி வெடித்தது. 2011 மே 15 அன்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

பிராங்கோ இருந்தபோது எழுதப்பட்ட பாட்டு தணிக்கையைக் கடந்து வந்தது. அதில் கோபம் உருவகத்துக்குள் ஒளிந்திருக்கும். 1980-களின் பாட்டில் சுதந்திரம் வந்துவிட்டது, ஆனால் வாழ்க்கை எதிர்பார்த்தபடி மாறவில்லை என்ற எரிச்சல் கேட்கும். 2008-க்குப் பிந்தையவற்றில் ‘எங்களை ஏமாற்றிவிட்டார்கள்’ என்று நேராகவே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் படி: ஊரைத் தேடுங்கள்

இங்கே கொஞ்ச நேரம் தங்கலாம். நல்ல ஸ்பானியப் பாடலாசிரியர் ‘நவீன வாழ்க்கை வெறுமையானது’ என்று பொதுவாக எழுத மாட்டார். ஒரு தெருவை, ஒரு சதுக்கத்தை, ஒரு குன்றைக் காட்டுவார். பாட்டில் எந்த இடப்பெயர் வந்தாலும் வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.

ஹோவாக்கின் சபீனாவிடமிருந்து தொடங்கலாம். 1949-ல் ஹாயென் மாகாணத்தின் உபெதாவில், ஒலிவத் தோப்புகளுக்கு நடுவே பிறந்தவர். பிராங்கோ ஆட்சியில் லண்டனுக்குத் தப்பியோடி, 1977-ல் திரும்பிவந்து, பிறகு மாட்ரிட்டில் குடியேறினார். 1980-ல் வெளியான அவருடைய பாட்டின் தலைப்பு, ‘மாட்ரிட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்வோம்’. ஒவ்வொரு பத்தியும் இந்த ஒரே வரியில் முடியும். முதல் பத்தியைக் கேட்பவர் இது ஊரின் பெருமை பாடும் பாட்டு என்றே நினைப்பார். பாதைகள் சந்திக்கும் இடம், கடலைக் கற்பனைகூடச் செய்ய முடியாத இடம் என்று தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கோணலாகும். சிறுமிகளுக்கு இளவரசியாகும் ஆசை போய்விட்டது. பையன்கள் கடலை ஒரு ஜின் கோப்பைக்குள் துரத்துகிறார்கள். பறவைகள் மனநல மருத்துவரைப் பார்க்கப் போகின்றன. நட்சத்திரங்கள் வெளியே வர மறந்துவிடுகின்றன.

இதற்குப் பிறகு வரும் பத்தியைத்தான் நான் மறுபடி மறுபடி கேட்கிறேன். சூரியன் ஒரு பியூட்டேன் அடுப்பாகிவிடுகிறது. அந்தக் காலத்து ஸ்பெயினின் எளிய வீடுகளில் குளிர்காலத்துக்கு, உள்ளே கேஸ் சிலிண்டர் வைத்து அறைக்கு அறை உருட்டிப்போகும் சூடேற்றும் அடுப்பு இருந்தது. வானத்தில் இருக்க வேண்டியது அறை மூலையில், காசு கொடுத்து நிரப்பும் சிலிண்டரில் இருக்கிறது. வாழ்க்கை, கிளம்பத் தயாராக நிற்கும் மெட்ரோ ரயில். கைகழுவும் தொட்டியில் ஓர் ஊசி கிடக்கிறது. விளக்கம் எதுவும் இல்லை. ஹெராயின் அந்தத் தலைமுறையில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று தெரிந்தவருக்கு அந்த ஒரு பொருள் போதும்.

இப்போது ஒரு பயிற்சி. இந்தப் பாட்டின் பழைய பதிவையும் பிந்தைய கச்சேரிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பழைய பதிவின் கடைசிப் பத்தியில், சாவு வரும்போது தான் பிறந்த தெற்குக்கே தன்னைக் கொண்டுபோகச் சொல்கிறார். இங்கே யாருக்கும் இடமில்லை என்கிறார். பின்னாளில் அதையே மாற்றிப் பாடினார்: எழுப்பாதே, தூங்கவிடு, இங்கேதான் வாழ்ந்தேன், இங்கேயே இருக்க விரும்புகிறேன். ஊசி அப்படியே கிடக்கிறது, நட்சத்திரங்களும் வரவில்லை, ஆனாலும் மனிதர் ஊரைவிட்டுப் போக மறுக்கிறார். சபீனாவை வெறும் புலம்பல்காரர் என்று சொல்பவர்கள் இந்த இரண்டாம் பதிவைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். வரிகளைத் தரும் தளங்கள் சில நேரம் இரண்டையும் கலந்து போட்டுவிடும். காதில் விழுவதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பயிற்சி, ஒரே சதுக்கத்தைப் பல பாடல்களில் தேடுவது. மாட்ரிட்டின் நடுவில் இருக்கும் புவெர்த்தா தெல் சோல் இதற்கு வசதி. ராதியோ ஃபுத்துரா குழுவின் ‘இளைஞர் நாகரிகத்தின் மீது காதல்’ என்ற 1980-ஆம் ஆண்டுப் பாட்டில் ஒருவன் அந்தச் சதுக்கத்தைக் கடந்து போகிறான். இளைஞர்கள் நடக்கும் மிடுக்கைப் பார்க்கிறான். எதிர்காலம் வந்தேவிட்டது என்று அவனுக்குப் புரிகிறது. விலைகளையும் தள்ளுபடிகளையும் பார்த்துக் காதலில் விழுகிறான். வந்த எதிர்காலம் கடை ஜன்னலில் தொங்குகிறது என்பதைப் பாட்டு சொல்லாமல் சொல்கிறது. நேராக எடுத்துக்கொண்டால் இது உற்சாகப் பாட்டு. நான் பாதி நேராகவும் பாதி கோணலாகவும் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குழுவுக்கும் அது பிடித்திருக்கும் என்று ஓர் ஊகம்.

எட்டு ஆண்டுகள் கழித்து மெக்கானோவின் ‘இன்னுமோர் ஆண்டு’. அதே சதுக்கம், டிசம்பர் 31 இரவு. மணிக்கூண்டுக் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது அடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை தின்பது ஸ்பெயினின் வழக்கம். நெட்டையும் குட்டையுமாக ஸ்பானியர்கள் கூடிக் கத்தி, ஊதி, ஒரு தடவையாவது எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்கிறோம் என்கிறது பாட்டு. சிரித்துக்கொண்டே வைக்கும் குத்து அது. இந்த ஆண்டு இல்லாமல் போனவர்களின் நினைவும் ஊடே வந்து போகிறது.

2011 மே மாதம் அதே சதுக்கத்தில் போராட்டக்காரர்களின் கூடாரங்கள் முளைத்தன. உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கிய முகாம் ஜூன் 12 வரை நீடித்தது. 1988-ன் அந்தக் கிண்டலை அதற்குப் பிறகு கேட்பவருக்கு அது பழையபடி கேட்காது.

நான்காம் படி: சொல்வதைத் தலைகீழாக்கிப் பாருங்கள்

அவியாதோர் த்ரோ என்ற மாட்ரிட் குழு 1979-ல் தொடங்கியது. எதிர்காலத் தொழிற்சாலைப் பணியாளர்கள் போலச் சீருடை அணிந்து மேடையேறுவார்கள். ஐரோப்பிய இளைஞர்கள் ‘அணுசக்தியா? வேண்டாம், நன்றி’ என்று சட்டையில் வில்லை குத்திக்கொண்டு திரிந்த 1982-ல், இவர்கள் ‘அணுசக்தி, ஆமாம், சந்தேகமென்ன’ என்று பாடினார்கள். கதிரியக்கக் கடலில் குளிக்க வேண்டும். ஸ்ட்ரான்சியம், கோபால்ட், புளூட்டோனிய மேகங்கள் வேண்டும். உடல் உருக்குலைந்த குழந்தைகள் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. மெட்டோ பள்ளிப் பிள்ளைகள் கும்மியடிக்கலாம் போலிருக்கிறது. இந்த வகைப் பாட்டில் ஒரு சோதனை செய்யலாம்: கேட்கும் பொருளை நிஜமாகவே கொடுத்துவிட்டால் பாடுபவர் மகிழ்ச்சி அடைவாரா? இல்லையென்றால் கிண்டல். ஆனால் இந்தக் குழுவுக்கு எந்திரங்கள் மீது நிஜமான மோகமும் இருந்தது. அதனால் கிண்டல் எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது, போடவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: யார், யாரிடம் பேசுகிறார்?

ஸ்பானிய மொழியில் தமிழைப் போலவே வினைமுற்று எழுவாயைச் சொல்லிவிடும். ‘வந்தேன்’ என்றால் போதும், ‘நான்’ வேண்டாம். மொழிபெயர்ப்புச் செயலிகள் அதிகம் தடுமாறுவது இதில்தான். அவன் சொன்னதை அவளுக்குக் கொடுத்துவிடும். நிகழ்கால வினையில் முடிவைக் கவனியுங்கள்: ‘ஓ’ என்று முடிந்தால் பெரும்பாலும் நான், ‘ஸ்’ என்று முடிந்தால் நீ, ‘மோஸ்’ என்று முடிந்தால் நாம் அல்லது நாங்கள். இந்த மூன்று போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பேசும் முறை முக்கியமாகும் இடத்துக்கு ஒரு பாட்டைக் காட்டுகிறேன். இது ஸ்பானிய மொழிப் பாட்டல்ல, ஸ்பெயினின் வடகிழக்கில் பேசப்படும் கட்டலான் மொழிப் பாட்டு. ஸ்பெயினின் பாப் இசையைக் கேட்பவர் இரண்டையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஜோவான் மானுவேல் செர்ராத் 1973-ல் வெளியிட்ட ‘அப்பா’. ஸ்பெயின் வேகமாகத் தொழில்மயமான காலம்; கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தன, பிராங்கோ உயிரோடு இருந்தார். ஒரு பிள்ளை தகப்பனிடம் கேட்கிறது: அப்பா, இந்த ஆற்றை என்ன செய்துவிட்டார்கள், சொல்லுங்கள், அது பாடுவதில்லையே. ஒரு சாண் வெள்ளை நுரைக்குக் கீழே செத்த மீனைப் போல வழுக்கிக்கொண்டு போகிறதே. அப்பா, ஆறு ஆறாக இல்லை. கோடை வருவதற்குள் உயிருள்ளதையெல்லாம் ஒளித்துவைத்துவிடுங்கள். பிறகு காட்டைப் பற்றியும் அதே கேள்வி.

‘சொல்லுங்கள்’ என்றுதான் இருக்கிறது, ‘சொல்’ என்று இல்லை. மரியாதை குறையாமல் கேட்கப்படும் கேள்வி அது. தகப்பனிடம் பதில் இல்லை. கடைசியில் பிள்ளைதான் அவருக்கு ஆறுதல் சொல்கிறது: அழுவதை நிறுத்துங்கள் அப்பா, நம் மீது போர் தொடுத்துவிட்டார்கள். யார் தொடுத்தார்கள் என்று பாட்டு சொல்வதில்லை. 1973-ல் சொல்லியிருக்கவும் முடியாது.

ஆறாம் படி: இருட்டானவற்றுக்குப் பிறகு போங்கள்

வடமேற்கில், அட்லாண்டிக் கரையில் வீகோ என்ற துறைமுகம். மீன்பிடிப்பும் கப்பல் கட்டுதலும் அதன் பிழைப்பு. 1980-களின் ஆலை மூடல் அந்த ஊரையும் அடித்தது. அங்கிருந்து வந்த கோல்பெஸ் பாஹோஸ் குழு 1983-ல் பாடிய ‘கவிதைக்குக் கெட்ட காலம்’ என்ற பாட்டின் தலைப்பு, நாஜிகளிடமிருந்து தப்பிவாழ்ந்த நாட்களில் ஜெர்மன் கவிஞர் பிரெக்ட் எழுதிய ஒரு கவிதையின் தலைப்பை ஒட்டியது. கடலின் நீலம், பூக்களின் மணம் என்று தொடங்கி, சந்தின் இருட்டில் எலிகள் ஓடுவதற்கு வந்துவிடும். அதே இடத்தில் உன் அம்மா கூடையோடு இறங்கிவந்து வணக்கம் சொல்கிறாள். உன் ஸ்வெட்டரைப் பின்னி முடித்திருப்பாள். எலியையும் ஸ்வெட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பாட்டு மேலே போய்விடுகிறது.

அதே ஆண்டில் அவர்களுடைய இன்னொரு பாட்டு, ‘மனிதர்களின் கண்களைப் பார்க்காதே’. அவை பயமுறுத்துகின்றன, எப்போதும் பொய் சொல்கின்றன; கூட்டம் இருக்கும்போது தெருவுக்குப் போகாதே, திரும்பி வராவிட்டால்? இந்த அச்சத்தை அவர்கள் வைத்திருப்பது நடன அரங்கில் ஆடவைக்கும் பேஸ் கிட்டார் மீது. முதல் நாளே இதைக் கேட்டால் வெறும் வினோதமாகப் படும். சபீனாவையும் மெக்கானோவையும் கேட்டுப் பழகியபின் வாருங்கள்.

ஏழாம் படி: பணம் எங்கே போனது என்று கேட்கும் பாடல்கள்

2008-க்குப் பிறகு சலிப்புக்கு முகவரி கிடைத்துவிட்டது. 2012, 2013 ஆண்டுகளில் இருபத்தைந்து வயதுக்குக் கீழே வேலை தேடியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. கடன் கட்ட முடியாதவர்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மாட்ரிட்டை ஒட்டிய த்ரெஸ் காந்தோஸைச் சேர்ந்த வெதுஸ்தா மோர்லா குழு 2014-ல் ‘கைதேர்ந்த அடி’ என்று ஒரு பாட்டைக் கொண்டுவந்தது. நடந்தது கச்சிதமான கொள்ளை என்கிறது. ஆனால் முடிவில் கொள்ளைக்காரர்களின் கணக்கில் ஒன்று தவறிவிட்டது: எங்களுக்கு மறுபடியும் தாகம் எடுத்திருக்கிறது. இந்தக் காலப் பாடல்களில் பல கூட்டத்தோடு சேர்ந்து கத்துவதற்கென்றே எழுதப்பட்டவை. அது அவற்றின் பலம்; தனியே உட்கார்ந்து கேட்கும்போது கொஞ்சம் பலவீனமும்கூட. வரியளவில் எனக்கு 1980-களே பிடிக்கும்.

வாடகையும் சுற்றுலாவும் இப்போதைய எதிரிகள். இதில் அதிகம் கேட்கப்பட்டது ஸ்பெயினிலிருந்து வரவில்லை. கரீபியன் தீவான புவெர்த்தோ ரிக்கோவின் பாடகர் பேட் பன்னி 2025 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பில் ‘ஹவாய்க்கு நேர்ந்தது’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. என் ஆற்றையும் கடற்கரையையும் பறிக்கப் பார்க்கிறார்கள். என் தெரு அவர்களுக்கு வேண்டும், பாட்டி வெளியேற வேண்டும். ஹவாய்க்குச் செய்ததை உனக்கும் செய்துவிடக் கூடாது என்று தன் தீவிடம் சொல்கிறது. மெக்கானோவின் பெண் நீச்சலுடையோடு கனவு கண்ட தீவில், இப்போது அங்கேயே பிறந்தவரால் வாடகை கொடுக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே மாலையில் கேளுங்கள்.

எட்டாம் படி: கடலைத் தாண்டுங்கள்

கடைசியாக ஒரு ஜோடி. பார்சலோனாவின் பாடகர் லோக்கியோ 1983-ல் பாடிய ‘தனித்த காடிலாக்’. திபிதாபோ குன்றின் சரிவில், செகண்ட்ஹேண்ட் அமெரிக்கக் காரில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். காலடியில் நகரம் மின்னுகிறது. கூட வந்தவள் சற்று முன்புதான் விட்டுப் போனாள். ஆனால் அவன் பேசுவது வெகு நாளுக்கு முன்பே பிரிந்துபோன வேறொருத்தியிடம்: லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போக வேண்டும், உன்னோடு கடலைக் கடக்க வேண்டும் என்று எப்போதும் ஆசைப்பட்டேன் என்கிறான். காரைக் கிளப்பினால் போகக்கூடியது பார்சலோனாவுக்குள்தான். ஸ்பெயினில் இதைப் பாடத் தெரியாதவர்கள் குறைவு.

இதை முடித்த கையோடு சிலியின் லோஸ் பிரிசியோனெரோஸ் குழுவின் 1986-ஆம் ஆண்டுத் தொகுப்புக்குப் போங்கள். அப்போது அங்கே ராணுவச் சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சி. தொகுப்பின் பெயர் ‘கற்களை உதைத்துக்கொண்டு’, அதாவது வேலையில்லாமல் தெருவில் அலைந்துகொண்டு. அதில் ‘மிச்சமானவர்களின் நடனம்’ என்ற பாட்டு, படித்தால் முன்னேறலாம் என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, படிப்பு முடிந்ததும் கைவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. 2019 அக்டோபரில் சிலியின் தலைநகர் சாந்தியாகோவின் மெட்ரோவில் கட்டணம் 30 பெசோ உயர்ந்ததில் வெடித்த போராட்டத்தில், முப்பத்து மூன்று ஆண்டு பழைய இந்தப் பாட்டைத் தெருவெல்லாம் பாடினார்கள். அந்தக் காணொளிகளைத் தேடிப் பாருங்கள். பாடுபவர்களில் பலர் பாட்டு வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

அதே தொகுப்பில் ‘தொழிற்சாலைகளை ஓட்டுங்கள்’ என்று நின்றுபோன ஆலைகளைப் பற்றிய பாட்டும் இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டு, ‘ஏன் போகாமல் இருக்கிறீர்கள்?’ என்ற பாட்டுக்கு வாருங்கள். நியூயார்க்கையும் ஐரோப்பாவையும் கனவு கண்டுகொண்டு, உள்ளூர் மக்களையும் அவர்கள் உடையையும் குறை சொல்லித் திரியும் கலைஞர்களைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி அது. காடிலாக்கில் உட்கார்ந்திருப்பவனுக்காக நீங்கள் இன்னும் உருகிக்கொண்டிருந்தால், சிலிக்காரர்கள் அதற்கும் சேர்த்துச் சிரிக்கிறார்கள்.